அரத்தால ராவின இலக்கம்

மீன் விக்கிறவன்ர சைக்கிளை ஆரும் வடிவெண்டு சொல்லமாட்டினம். சண்டை நிண்டிருந்த சமாதான காலத்தில ஒருநாள் குறிகட்டுவான் இறங்குதுறையில ஒரு வெளிநாட்டுத் தமிழர் அப்பிடிச் சொன்ன உடன நான் மீன்பெட்டிக் கயித்தை இறுக்கிக்கொண்டு வெளிக்கிடப் பாத்தனான். நயினாதீவுக் கோயிலுக்குப் போட்டு வந்த மனுசன். இடுப்பில வேட்டி, தோளில கமரா. என்ர சைக்கிளுக்குப் பக்கத்தில குந்தியிருந்து, இது எண்பதுகளில வந்த அசல் மவுண்டன் சைக்கிள், இப்ப உலகத்திலயே கொஞ்சந்தான் மிச்சம் எண்டார். ஜேர்மனியில தன்ர வீட்டுக் கீழறையில இப்பிடிப் பழசு பதினொண்டு வைச்சிருக்கிறாராம். ஓடுறதில்லையாம். துடைச்சுத் துடைச்சு வைக்கிறதாம். எவன் நம்புவான்?

பிறகு, சைக்கிளை ஒருக்காக் கவிழ்த்துப் பாக்கட்டோ எண்டு கேட்டார். பெடல் பூட்டுற இடத்துக்கு அடியில ஒரு இலக்கம் அடிச்சிருக்குமாம். மீன் பழுதாப் போயிடும், நாளைக்குப் பின்னேரம் வேலணையில என்ர வீட்டுக்கு வாங்கோ எண்டு சொல்லிப்போட்டு, திரும்பிப் பாக்காமல் மிதிச்சனான்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்தச் சைக்கிளைத் தொண்ணூற்றேழில, இடம்பெயர்ந்து இருந்திட்டு ஊருக்குத் திரும்பி வந்த கையோட வாங்கினனான். வித்தவர் ஐஞ்சாறு சைக்கிளை ஒரு பூவரசோட சாத்தி வைச்சிருந்தார். எல்லாம் சனம் விட்டிட்டு ஓடின வீடுகளில எடுத்தது எண்டு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆரின்ர பொருள் எண்டு கேக்கிற வழக்கம் அப்ப தீவில இல்லை. என்ர வீட்டு முன்கதவையே வேற ஒருத்தர் கழட்டிக்கொண்டுபோய்த் தன்ர வீட்டில பூட்டியிருந்தார். அங்க ஒரு கலியாணத்துக்குப் போனனான். என்ர கதவாலயே உள்ளுக்குப் போய், வயிறு முட்டச் சாப்பிட்டிட்டு வந்தனான். நானும் சொல்லேல்லை, அவரும் சொல்லேல்லை. அதுதான் மரியாதை.

சைக்கிளுக்குப் பின்னால பெரிய கரியர் ஒட்டுவிச்சு, வள்ளத்துக்கு அடிக்கிற நீலப் பெயின்ற் அடிச்சு, ஆறு வருசமா மீன்பெட்டி கட்டினனான். சும்மா சொல்லக்கூடாது, இரும்பெண்டா அது இரும்பு. கடலுக்கு நடுவால போற தாம்போதி ரோட்டில எதிர்க்காத்து அடிக்கேக்க மற்ற வியாபாரியள் இறங்கி உருட்டுவினம். நான் சின்னக் கியரைப் போட்டு, இருந்தபடியே போவன். அது போச்சுதெண்டா என்ர வீட்டில அடுப்பெரியாது.

இந்த மனுசன் ஒண்டில் சொந்தக்காரன், இல்லாட்டி ஆரோ அனுப்பின ஆள். பழஞ்சைக்கிள் சேர்க்கிறாராம், விசரன்! அடுத்தநாள் மத்தியானம் குசினிக்குப் பின்னால சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, அரத்தை எடுத்து அந்த இலக்கத்தை ராவோ ராவெண்டு ராவினன். மேல நீலப் பெயின்றும் பூசினன். மனிசி எட்டிப் பாத்து, கள்ளன்கூட இவ்வளவு பாடுபடமாட்டான் எண்டாள். பேசாமல் உள்ள போ எண்டனான்.

சொன்ன நேரத்துக்கு மனுசன் வந்திட்டார். கரியர் ஒட்டின இடத்தைக் கண்டு, பிள்ளைக்குக் காயம் பட்டமாதிரி முகத்தைச் சுழிச்சார். பிறகு சைக்கிளைக் கவிழ்த்து, அடியில விரலை வைச்சார். விரலில நீலம் ஒட்டிச்சுது. விரலைப் பாத்தார், என்னைப் பாத்தார். மனிசி குடுத்த தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு கதிரையில இருந்தார்.

தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சுப்போட்டுக் கதைச்சார். எண்பத்தொன்பதில ஊர்காவற்றுறையில இருந்த தன்ர தம்பிக்கு இப்பிடி ஒண்டு கப்பலில அனுப்பினவராம். அடுத்த வருசம் சனமெல்லாம் ஓடேக்க தம்பியும் வீட்டை விட்டு வெளிக்கிட்டவன். அதுக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அவன் அந்தச் சைக்கிள் ஓடினதைத் தான் ஒருக்காலும் காணேல்லையாம். அதுக்குப் பிறகுதான் ஜேர்மனியில எங்க இந்த மாதிரிச் சைக்கிளைக் கண்டாலும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகத் தொடங்கினவராம்.

"சைக்கிள் எனக்கு வேண்டாம் அண்ணை. இது அவன்ர எண்டா, அவன் பிடிச்ச ஹாண்டிலை ஒருக்காப் பிடிச்சுப்போட்டுப் போயிடுவன்" எண்டார். பேர்ஸுக்குள்ள இருந்து சைக்கிள் வாங்கின, மடிப்பெல்லாம் கிழிஞ்ச பழைய பில் ஒண்டை எடுத்து, அதில இருந்த இலக்கத்தைக் கண்ணீரோட ஒவ்வொரு எழுத்தா வாசிச்சார்.

அந்த இலக்கம் எனக்கு மனப்பாடம். கரைக்குப் போக நேவி குடுக்கிற பாஸில சைக்கிளின்ர இலக்கமும் எழுதவேணும். குனிஞ்சு பாக்கிற பஞ்சியில நேவிக்காரன் என்னையே சொல்லச் சொல்லுவான், நானும் ஒவ்வொரு நாளும் விடியச் சொல்லுறனான். அந்தப் பாஸ் அப்பவும் என்ர சட்டைப் பையிலதான் கிடந்தது. அவர் வாசிச்சதில ஒரு எழுத்தும் பிசகேல்லை.

சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கடவுளறிய வந்தது. அதுக்குள்ள, தம்பிக்காரன் எந்த இயக்கத்துப் பக்கம் போனவனோ, நாளைக்கு என்னைக் கொண்டுபோய் விசாரிப்பினமோ, இவர் கண்ணீர் விடுறதும் நடிப்போ எண்டு புத்தி முந்திக்கொண்டுது. எனக்கு இலக்கம் ஒண்டும் தெரியாது எண்டு சொல்லிப்போட்டன். அந்த வாயை நினைச்சா இண்டைக்கும் எனக்கு வெக்கமாக் கிடக்கு.

அவர் கோவிக்கேல்லை. பில்லைத் திரும்ப மடிச்சு வைச்சார். எழும்பிச் சைக்கிளுக்குக் கிட்டப் போய், ஹாண்டிலுக்கு நேர கையை நீட்டினவர், தொடாமலே எடுத்திட்டார்.

"ஆரின்ரயோ சைக்கிளைப் பிடிச்சு அழ ஏலாதுதானே, அண்ணை" எண்டார்.