நான் அந்த நாடாக இருந்த நாள்

ஏழாம் வகுப்பில் ஒரு நாள் முழுக்க நான் ஒரு நாடாக இருந்தேன். மலையாள ஊரான கழக்கூட்டத்தில் எங்கள் பள்ளியில் மாதிரி ஐக்கிய நாடுகள் சபை கூட்டினார்கள். சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு நாடு. எனக்கு விழுந்தது, அப்பா வேலை பார்த்த கப்பலை, கடலில் எண்ணெய் கொட்டியதாகச் சொல்லி ஐந்து மாதமாகப் பிடித்து வைத்திருந்த அதே நாடு.

டீச்சருக்கு விஷயம் தெரியும். “மோளே, வேற சீட்டு எடுத்தோ” என்றார். நான் மாட்டேன் என்றேன். வீட்டில் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது. போனும் கையுமாகப் பால்கனிக்கும் வாசலுக்கும் நடப்பாள். துணி பாதி மடித்தபடி கிடக்கும். அப்பாவை ஏன் விடவில்லை என்று கேட்டால் மறுபடி போனைப் பார்ப்பாள். அந்த நாடாகவே ஆகிவிட்டால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பரிசு ஆசையும் இருந்தது, பொய் சொல்வானேன்.

கூட்டத்தில் அந்தக் கப்பல் பேச்சுதான் வந்தது. கடல் சட்ட ஒப்பந்தத்தில் நீங்களும் கையெழுத்துப் போட்டவர்கள்தானே, ஜாமீன் வாங்கிக்கொண்டு விடுங்கள் என்று இந்தியாவாக இருந்த பையன் மேஜையைத் தட்டினான். எங்கள் கடல், எங்கள் நீதிமன்றம், விசாரணை முடியட்டும் என்று நான் விடாமல் பேசினேன். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போனது. சிறந்த பேச்சாளர் நான்தான்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். சான்றிதழை நீட்டி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

“விடணும்னு சட்டம் உண்டா?” அவள் முகம் அப்படி மலர்ந்து பல மாதம் ஆகியிருந்தது.

“உண்டும்மா. அந்த நாடும் கையெழுத்துப் போட்டிருக்கு.”

“பின்னே ஏன் விடல?”

“விசாரணை முடியலைன்னு சொல்லிட்டேன்.”

“மத்த நாடெல்லாம் சும்மாவா இருந்துச்சு?”

“எல்லாரும் கண்டிச்சாங்க.”

“கண்டிச்சிட்டு?”

“சாப்பிடப் போனோம்.”

“அங்கயும் எல்லாரும் சாப்பிடப் போயிருப்பாங்க, அல்லே?” என்றாள்.

“பின்னே, பசிக்காதா?” என்று கேட்டேன்.

அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பரிசு வாங்கி வந்த மகளை ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று எனக்கு வந்த கோபம், ஏழு மாதம் கழித்து அப்பா வந்து இறங்கும்வரை தீரவில்லை.