கடைசிப் பத்துப் பக்கம்

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்று இருபது. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவளுடைய புத்தகம் ஒன்றை மூடி வைத்துக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். மருத்துவமனையில் அக்காவோடு ஒருவர்தான் இருக்கலாம் என்று சொல்லிவிட்டதால் அத்தான் அங்கே இருந்தார். போன் அடித்தது. அத்தான்தான் என்று திரையில் தெரிந்தது. ஐந்தாறு முறை அடித்த பிறகு எடுத்தேன். “மாப்பிள்ளை” என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

அக்கா ஒரு சிமெண்ட் ஆலையின் எடைமேடையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தாள். லாரி காலியாக உள்ளே போகும்போது ஒரு எடை, சரக்கோடு வெளியே வரும்போது ஒரு எடை. சீட்டில் முத்திரை குத்தி ஜன்னல் வழியே நீட்ட வேண்டும். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில்தான் அத்தனை பழைய நாவல்களையும் படித்து முடித்தாள். அவள் புத்தகங்களின் ஓரமெல்லாம் சிமெண்ட் தூசி ஏறிச் சாம்பல் நிறமாக இருக்கும். ஓட்டுநர்கள் அவளை ‘லைப்ரரி’ என்பார்கள். அந்தப் புத்தகத்தையும் ஒரு தடவை மேடையில் ஏற்றிப் பார்க்கச் சொல்லி, என் லோடை விட அதிகம் காட்டும் என்பார் நரைமீசைக்காரர் ஒருவர்.

அவளைப் போன்ற பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. லிப்டில் ஏற மாட்டாள். நாய் இருக்கிற தெரு என்றால் சுற்றிக்கொண்டு போவாள். நாவலில் யாராவது இருமினால்கூடப் புத்தகத்தை மூடிவிடுவாள். அதனால் சிறு வயதிலேயே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. எந்தப் புத்தகமானாலும் கடைசிப் பத்துப் பக்கத்தை நான் முதலில் படிக்க வேண்டும். கதையைச் சொல்லக் கூடாது. அவள் மனம் வைக்கப்போகிற ஆள் பிழைத்திருந்தால் “படிக்கலாம்”. இல்லாவிட்டால் “வேண்டாம்”. வேண்டாம் என்ற புத்தகத்தை அவள் ஒதுக்கிவிட மாட்டாள். தைரியம் வருகிற நாளுக்காக அலமாரியின் கீழ்த்தட்டில் வைப்பாள். ஒரு நாவல் அங்கே எட்டு வருஷம் காத்திருந்தது.

செத்துப்போன எழுத்தாளர்களைப் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போலத்தான் அவள் பேசுவாள். ஒருவருக்குக் ‘காய்ச்சல்காரர்’ என்று பெயர். தனக்குப் பிடித்த பாத்திரத்துக்கெல்லாம் கடைசியில் காய்ச்சல் வரவைத்துவிடுவாராம். ஒரு பாத்திரத்தைப் பற்றி அவர் நல்ல வார்த்தை சொல்ல ஆரம்பித்தாலே இவள் பக்கத்தைத் திருப்பத் தயங்குவாள். இன்னொருவர் நாவலில் அறுநூறு பக்கமாக யாருமே தூங்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள். முடிக்கத் தெரியாதவர்கள்தான் கொல்கிறார்கள் என்பது அவள் கட்சி. ஆனால் மரணத்தை எழுதும்போது அவசரப்படாதவர்களை மன்னித்துவிடுவாள். பிள்ளையைப் பறிகொடுத்த எழுத்தாளர் அந்த இடத்தில் வாக்கியத்தை மெதுவாக நடத்துவார், கவனித்துப் பார் என்பாள். நான் கல்லூரியில் இலக்கியம் படித்தவன். எனக்கு யாரும் அப்படிச் சொல்லித் தந்ததில்லை.

ஒரே ஒருமுறை ஏமாற்றினேன். பத்துப் பக்கம் படிக்கச் சோம்பல்பட்டு “படிக்கலாம்” என்று சொல்லிவிட்டேன். குழந்தைகள் மூன்று பேரும் இறந்துபோகிற கதை அது. மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு சொன்னாள்: “அவங்க செத்ததுக்கு அழலடா. நான் தயாரா இல்லாம உள்ள போயிட்டேன். அதுக்குத்தான்.”

போன மாதம் எடைமேடைக் கூண்டுக்கு என்னை வரச் சொன்னாள். டாக்டரின் அறிக்கை இருந்த ஒட்டிய உறை ஒன்றை நீட்டினாள். டாக்டரிடம் எதையும் கேட்டுக்கொள்ளாமல், எல்லாவற்றையும் தம்பிக்கு எழுதிக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு எழுந்து வந்தவள் அவள்.

“கடைசிப் பக்கத்த மட்டும் பாரு” என்றாள். “படிக்கலாமா?”

கட்டி பரவியிருந்தது. அறுவை சிகிச்சை செய்தாலும் பெரிய பலன் இருக்காது. இதயம் தாங்குவதே சந்தேகம். செய்துகொள்வதா விடுவதா என்று நோயாளியே முடிவு செய்யட்டும் என்று எழுதியிருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்தது.

“படிக்கலாம்” என்றேன்.

அவள் திரும்பி, சீட்டில் முத்திரை குத்தி ஜன்னல் வழியே நீட்டினாள். மறுநாளே ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள்.

அதன் பிறகு நிம்மதி போயிற்று. அத்தானிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. அந்த உறையை மூன்று முறை இடம் மாற்றி ஒளித்து வைத்தேன். அவள் வீட்டுப் படியேறும்போதெல்லாம், இன்றைக்குக் கேட்டுவிடுவாள் என்று ஒரு பதிலைத் தயார் செய்துகொள்வேன். அவள் கேட்கவே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

ஆபரேஷன் அன்று காலை மருத்துவமனையின் நாலு மாடியும் படியில்தான் ஏறினாள். மூச்சு வாங்க நின்று, பையிலிருந்து ஒரு தடித்த நாவலை எடுத்துக் கொடுத்தாள். கடைசிப் பத்துப் பக்கம் தொடங்கும் இடத்தில் ஓர் எடைச்சீட்டைச் செருகியிருந்தாள்.

“சாயங்காலம் கண்ணு முழிச்சதும் கேப்பேன். இதையாவது ஒழுங்காப் பாத்துச் சொல்லு.”

இதையாவது. பழைய பொய்யைக் குத்திக்காட்டினாளா, புதிய பொய் தெரிந்தே உள்ளே போனாளா? எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால், தயாராக இருந்திருப்பாள். தெரியாமல் இருந்திருந்தால், அவளை உள்ளே அனுப்பியது என் ஒரு சொல்.

அன்று ஒன்பது மணியிலிருந்து மூன்று இருபது வரை அந்தப் புத்தகம் என் எதிரில் இருந்தது. முடிவு மோசமாக இருந்தால் அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்குமே என்று திறக்கவில்லை.

அவள் போய் இன்றோடு பதினொரு நாள். எடைச்சீட்டு அவள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அந்தப் பத்துப் பக்கத்தை நான் இன்னும் படிக்கவில்லை.