புஸ்பராணி மிஸ்ஸின் ஒரேயொரு திருத்தம்

எந்தச் சபை என்று மட்டும் கேட்க வேண்டாம். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிச் சபைகளுக்குக் குறைவில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை கோபிக்கும். மண்டபத்து யன்னலால் கப்பல் தெரியும், கூட்டம் இழுபட்டால் உறுப்பினர்கள் அந்தக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற அடையாளம் போதும். அந்தச் சபையில் முப்பத்தொரு வருசம் கூட்டறிக்கை எழுதியவர் புஸ்பராணி. சபைக் கந்தோரில் எல்லோருக்கும் அவர் மிஸ்.

சபையில் யார் என்ன சொன்னார், எது முடிவானது, எது முடிவாகவில்லை என்பதையெல்லாம் குறிப்பெடுத்து, தட்டச்சு செய்து, உறுப்பினர்களுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்தின் தொடக்கத்தில் தவிசாளர், "திருத்தம் ஏதும் உண்டா?" என்று கேட்பார். ஒருவரும் வாய் திறக்காவிட்டால் அறிக்கை உறுதியாகிவிடும். சபை கலைந்து கிடந்த காலங்களைக் கழித்துப் பார்த்தாலும் இருநூற்றுச் சொச்சம் கூட்டங்கள். அத்தனையிலும் அந்தக் கேள்விக்குப் பதிலாக மின்விசிறிச் சத்தம்தான் கேட்டிருக்கிறது. புஸ்பராணி மிஸ் எழுதினால் எழுதினதுதான்.

ஆனால் மனுசி இலேசுப்பட்டவர் அல்ல. ஒருமுறை உறுப்பினர் ஒருவர் கோபத்தில் இன்னொருவரை எருமை என்று சொல்லிவிட்டார். தேத்தண்ணி குடித்துக் கோபம் ஆறிய பிறகு மிஸ்ஸிடம் வந்து, அதை மட்டும் விட்டுவிடும்படி கெஞ்சினார். மிஸ் விடவில்லை. "உறுப்பினர், வீட்டு விலங்கொன்றின் பெயரைக் குறிப்பிட்டார்" என்று எழுதினார். சபை சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்பது அவருடைய சட்டம். நடந்ததை எழுதுவதற்குப் பேப்பர்க்காரர்கள் இருக்கிறார்கள் என்பார்.

வீட்டிலும் இதே கதைதான். சாம்பல்தீவில் கத்தரிப் பாத்தியோடு ஓய்வுகாலத்தைக் கழிக்கும் கணவர் கனகசுந்தரம், பின்னேரம் மிஸ் பஸ்ஸால் இறங்கி வரும்போதே பகிடியைத் தொடங்கிவிடுவார். "இண்டைக்குப் புட்டு எண்டு ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. திருத்தம் உண்டா?" மிஸ் சிரிக்க மாட்டார். தேங்காய் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார்.

அவருடைய கடைசி மாதத்தில் நடந்த கதை இது. மாத முடிவோடு ஓய்வு. கடைசிக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்துவதென்று செயலாளர் ஏற்பாடு செய்திருந்தார். அவர் எழுதி வைத்திருந்த பேச்சில் "ஒரு திருத்தமும் காணாத கை" என்றொரு வரி இருப்பது கந்தோர் முழுவதற்கும் தெரியும். புஸ்பராணிக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாரே தவிர, அந்த வரியை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

கூட்டத்துக்கு முதல் நாள், புதன்கிழமை, வேலைப்பகுதி கஜீபன் கதவடியில் தலையை நீட்டினான்.

"மிஸ், கிடங்கு ஒழுங்கைக் கான் மூடி வார்த்துக் காஞ்சு யார்ட்டில கிடக்கு. நாளைக்கு அறிக்கை உறுதியானா வெள்ளி காலமை கொண்டுபோய்ப் போட்டிடுவம்."

"எந்த மூடி தம்பி?"

"நீங்கள் அனுப்பின தீர்மானம்தானே மிஸ். ஏழாம் விடயம்."

அவன் போன பிறகு புஸ்பராணி கோவையை எடுத்துப் பார்த்தார். ஏழாம் விடயம்: கிடங்கு ஒழுங்கை வடிகானுக்குக் கொங்கிறீட் மூடி இடுதல். ஒப்புதல் அளிக்கப்பட்டது. முன்மொழிந்தவர் பெயரும் இல்லை, வழிமொழிந்தவர் பெயரும் இல்லை. தாயும் தகப்பனும் இல்லாத தீர்மானம். மிஸ் உடனே குறிப்புக் கொப்பியைப் புரட்டினார்.

கூட்டத்தில் எழுதும்போது அவர் சொற்களைச் சுருக்குவார். ஒப்புதல் என்றால் "ஒப்." ஒத்திவைப்பு என்றால் "ஒத்." ஏழாம் விடயத்துக்கு நேரே "ஒ" என்ற ஒற்றை எழுத்துத்தான் கிடந்தது. அதற்குப் பிறகு பேனை நகரவேயில்லை.

ஏன் நகரவில்லை என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. கிடங்கு ஒழுங்கை என்கிற அந்தச் சின்னத் தெருவில் இருக்கும் ஸுல்பிகா அன்று பார்வையாளர் வரிசையில் இருந்தாள். அவளுடைய கணவர் முனாப் துறைமுகத்தில் வேலை செய்தவர். நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தில் ஒரு காலை எடுத்த பிறகு சக்கர நாற்காலிதான். ஏழு மாதத்துக்கு முதல் ஏதோ ஒரு ரிப்பர் லொறி ஏறி, வாசலில் இருந்த கான் மூடி நொறுங்கிப்போயிற்று. அன்று தொடக்கம் அந்த மனிதர் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். கிளினிக் நாளில் நாலு பேர் தூக்கிப் பலகையால் கடத்துவார்கள். ஜும்ஆவுக்குத் தூக்கச் சொல்லி வாரா வாரம் கேட்க அவருக்கு வெட்கம். பள்ளிவாசல் பாங்குச் சத்தத்தை வாசலில் இருந்து கேட்பதோடு சரி.

"அவர் பகிடி உடுறார் மிஸ்," என்று ஸுல்பிகா ஒருமுறை சொல்லியிருந்தாள். "கடல் சுத்தினாத்தான் தீவா, கான் சுத்தினாலும் தீவுதானே எங்கிறார். சிரிச்சிட்டு, பொறகு அங்கால திரும்பிப் படுக்கிறார்."

ஸுல்பிகா ஏழு மனுக் கொடுத்தாள். அந்தக் கான் சபையினுடையதா, பெரிய றோட்டைப் பார்க்கிற திணைக்களத்துக்காரருடையதா என்று ஏழு தரம் விவாதம் நடந்தது. போன மாதமும் அதே விவாதம்தான். இடையில் ஊருக்குள் திரியும் மான்கள் சந்தைக் குப்பையைத் தின்கிற கதை வந்து, அது அரை மணித்தியாலம் போய், கடைசியில் தவிசாளர் களைத்து, "சரி, இதை ஒத்திவைப்பம்" என்றார். அந்த நேரம் மிஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டார். ஸுல்பிகா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனாள். பேனை "ஒ"வோடு நின்றது அந்த நேரத்தில்தான். மூன்று நாள் கழித்துத் தட்டச்சு செய்யும்போது மிச்சத்தைக் கை தன்பாட்டில் "ஒப்புதல்" என்று நிரப்பிவிட்டது. தபாலில் போன பிரதியை உறுப்பினர் ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. அது ஒன்றும் புதினமில்லை.

அந்தப் புதன் பின்னேரம் புட்டுத் தீர்மானம் எடுபடவில்லை. நடந்ததைக் கேட்ட கனகசுந்தரம் கத்தரிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டார்.

"நீர் சொல்லாட்டி ஆருக்குத் தெரியும், புஸ்பம்?"

"எனக்குத் தெரியும்தானே."

"சொன்னா அந்த மூடி?"

"சந்தைக்குப் போகும். அங்கயும் கேட்டிருக்கினமாம்."

"அப்ப அந்த மனுசன்?"

புஸ்பராணி வாளியை வாங்கி மிச்சக் கத்தரிக்குத் தண்ணீர் விட்டார். உண்மையைச் சொல்லாவிட்டால் மூடி வரும், பொன்னாடையும் வரும், ஆனால் "ஒரு திருத்தமும் காணாத கை" என்று வாசிக்கும்போது அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது? சொன்னால் கை சுத்தம். முனாப் வாசலிலேயே கிடப்பார். அன்று படுத்தும் கண் மூட முடியவில்லை. காலையில் பஸ்ஸில் வரும்போதும் ஒன்றும் தெளியவில்லை. மண்டபத்தில் தன் மேசைக்கு முன்னால் இருந்து கொப்பியை விரித்தபோதுதான் தெளிந்தது. சபை சொல்லாததை அவர் எழுதியிருக்கிறார். இத்தனை வருசத்தில் செய்யாத வேலை. சொல்லத்தான் வேண்டும். முனாப்புக்காக எட்டாவது மனுவைத் தானே இருந்து எழுதிக்கொடுப்பதென்றும் அப்போதே முடிவெடுத்தார்.

பார்வையாளர் வரிசையைப் பார்த்தார். ஸுல்பிகா வரவில்லை. அலுத்துப்போயிருப்பாள்.

தவிசாளர் கண்ணாடியைப் போட்டார். "போன கூட்டத்தின் அறிக்கை. திருத்தம் ஏதும் உண்டா?"

மின்விசிறி சுற்றியது. புஸ்பராணி எழும்பினார்.

முப்பத்தொரு வருசத்தில் அந்த மண்டபத்தில் அவருடைய குரலை ஒருவரும் கேட்டதில்லை. கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஐயா, ஏழாம் விடயத்தில ஒரு பிழை இருக்கு."

கடித உறை கிழிபடும் சத்தம் நாலு பக்கமும் கேட்டது. உறுப்பினர் கனகரத்தினம்தான் முதலில் வாசித்து முடித்தவர். முப்பது வருசம் வாத்தியாராக இருந்த மனுசன், பிழை என்று கேட்டால் விடுவாரா?

"ஓம் ஓம், பெரிய பிழை! கிடங்கு ஒழுங்கை மூடியை முன்மொழிஞ்சது நான். என்ர பேரையே காணேல்ல!"

"என்ன கதை இது சேர்?" உறுப்பினர் றம்ஸான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "அந்த ஒழுங்கை என்ட வட்டாரம். நான் முன்மொழியாம வேற ஆரு முன்மொழிஞ்ச?"

"ஐயா, அண்டைக்கு ஒருத்தரும்—" என்றார் புஸ்பராணி.

"மிஸ், கொஞ்சம் இருங்கோ," என்றார் தவிசாளர். "எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு. ரெண்டு பேரும் கதைச்சவை. நான்தான் சரி எண்டு சொன்னனான்."

"இல்லை ஐயா, அது ஒத்தி—"

"ஓம் மிஸ், எல்லாரும் ஒத்துக்கொண்டதுதான்! ஆர் இல்லையெண்டது?"

அதற்குப் பிறகு அங்கே மிஸ்ஸின் குரலுக்கு இடம் இருக்கவில்லை. ஏழு மாதமாக அந்தக் கானை அண்ட விடாமல் றோட்டுக்காரர் தலையில் கட்டப் பார்த்த இரண்டு பேரும் அன்று அதைப் பெற்ற பிள்ளை மாதிரி இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். முனாப் தன் பழைய மாணவன் என்றார் கனகரத்தினம். மாமன் முறை என்றார் றம்ஸான். இருபது நிமிடம் போயிற்று. சண்டையில் எருமை வந்துவிடுமோ என்று செயலாளர் பயந்தார். கடைசியில் தவிசாளர் மேசையைத் தட்டினார்.

"முன்மொழிந்தவர் கௌரவ உறுப்பினர் றம்ஸான். வழிமொழிந்தவர் கௌரவ உறுப்பினர் கனகரத்தினம். அறிக்கை இந்தத் திருத்தத்துடன் உறுதிப்படுத்தப்படுகிறது. எழுதுங்கோ மிஸ்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். புஸ்பராணி இருந்தார். சபை சொல்லிவிட்டது. சபை சொன்னதைத்தான் எழுத வேண்டும். ஒரு சொல்லையும் சுருக்காமல், முழு எழுத்தில், இரண்டு பெயரையும் எழுதினார்.

செயலாளர் பாவம், பேச்சை அந்த இடத்திலேயே மாற்ற வேண்டியிருந்தது. "ஒரேயொரு திருத்தம் மட்டும் கண்ட கை" என்று வாசித்தார். அவ்வளவு எடுப்பாக வரவில்லை. ஆனாலும் கை தட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புஸ்பராணி குடையை எடுத்துக்கொண்டு கிடங்கு ஒழுங்கைக்கு நடந்தார். புது மூடி வெள்ளையாகத் தெரிந்தது. முனாப் வெளுத்த சாரமும் தொப்பியுமாக நாற்காலியில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தள்ள, சில்லு மூடியில் ஏறி, ஒருமுறை தடக்கென்று ஆடி, மற்றப் பக்கம் இறங்கியது. முனாப் நாற்காலியை நிறுத்தச் சொல்லித் திரும்பி, தன் வாசலை ஒழுங்கைப் பக்கமாக இருந்து பார்த்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு, ஒருவரும் தூக்காமல் வந்து பார்க்கிறார். மிஸ்ஸைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார். பாங்கு சொல்லத் தொடங்கியதால் கதைக்க நேரமில்லை. நாற்காலி பள்ளிவாசல் பக்கம் திரும்பியது.

ஸுல்பிகா வாசலில் நின்றாள்.

"ஆருக்கு மிஸ் நன்றி சொல்ற?"

"முன்மொழிஞ்சது றம்ஸான். வழிமொழிஞ்சது கனகரத்தினம்," என்றார் மிஸ், அறிக்கையில் உள்ளபடி.

ஸுல்பிகா அவருக்குக் கிட்ட வந்தாள்.

"மூடி போட வந்த ஆக்கள் கடிதத்தைக் காட்டினாங்க மிஸ். போன மாசக் கூட்டத் தீர்மானம் எண்டு இரிக்கி." குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் நானும் அங்க இரிந்தனான்தானே. ஒத்திவைப்பம் எண்டு சொன்னத்தக் கேட்டுட்டுத்தானே எழும்பி வந்தனான்."

புஸ்பராணிக்கு முகம் சூடேறியது. "தங்கச்சி, அது வந்து—"

"நான் ஒருத்தருக்கிட்டயும் கதைக்கல்ல மிஸ். அவருக்கிட்டயும் சொல்லல்ல. மௌத்தாகி மண்ணுக்குள்ள போகுமட்டும் சொல்ல மாட்டன்." ஸுல்பிகா அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "நீங்க எங்களுக்காக வேணுமெண்டுதான் மாத்தி எழுதினீங்க. எனக்குத் தெரியும்."

அது பிழை. வேண்டுமென்று எழுதவில்லை, கை தவறி எழுதியது. அதைச் சொல்லத்தான் மிஸ் வாயெடுத்தார். பள்ளிவாசல் வளைவில் நாற்காலியின் பின்பக்கம் தெரிந்தது. தவறியது கைதானா என்று அவருக்கே அப்போது நிச்சயமில்லாமல் போயிற்று.

முப்பத்தொரு வருசம் எல்லோருடைய சொல்லையும் சரியாக எழுதிய புஸ்பராணி, ஸுல்பிகா சொன்னதைத் திருத்தாமல் விட்டுவிட்டார்.