செம்பாக்கத்தில் ஒரு ரஷ்ய கேமரா வாங்கினேன்

பழைய சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். மூன்று மாதம் தள்ளிப்போட்டுவிட்டேன்.

2007 ஆகஸ்டில், ஞாயிற்றுக்கிழமை வாசலில் வீசிவிட்டுப் போகும் ஏரியா பத்திரிகையில் இரண்டு வரி விளம்பரம் பார்த்தேன். ‘ரஷ்யன் கேமரா, தோல் உறையுடன், ரூ.1,500, செம்பாக்கம்.’ இப்படி ஒன்றை இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். சிறுசேரியில் எனக்கு வேலை. கம்பெனி பஸ்ஸில் போய்த் திரும்பவே நாள் முடிந்துவிடும் என்பதால் அடுத்த சனிக்கிழமை வருவதாகப் போனில் சொன்னேன்.

குரோம்பேட்டையில் மதியம் 2.50க்கு மின்சார ரயில். தாம்பரத்துக்குப் பத்தே நிமிடம், டிக்கெட் நான்கு ரூபாய். கிழக்குப் பக்கம் இறங்கி வேளச்சேரி சாலையில் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். “குந்து சார், இன்னும் ரெண்டு பேர் வந்தா எடுத்துரலாம்” என்றார் டிரைவர். இருபது நிமிடம் அந்த இரண்டு பேருக்காகக் காத்திருந்தோம். கேம்ப் ரோடு தாண்டி சுமார் ஐந்து கிலோமீட்டர், எட்டு ரூபாய். ஏரி ஸ்டாப்பிங்கில் இறங்கி ஏழு நிமிடம் நடக்க வேண்டும்.

வீட்டுக்காரர் சங்கரன் சார் தனியார் ஆபீஸ் ஒன்றில் கணக்கராக இருக்கிறார். அவர் மனைவி சுமதி பள்ளி ஆசிரியை. கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். மாத முடிவில் கோயம்புத்தூருக்குக் குடிபோகிறார்களாம்.

“பையனோடது சார். பொத்தேரியில இன்ஜினியரிங் படிச்சான். ரஷ்யாவுல மெடிக்கல் படிச்சிட்டு வந்த ஒருத்தர்கிட்ட வாங்கினது” என்றார் சங்கரன் சார். பிறகு, மேஜையைப் பார்த்துக்கொண்டே, “ஜி.எஸ்.டி. ரோட்ல ஆக்சிடென்ட். நாலு வருஷம் ஆச்சு. கார்த்தின்னு பேரு” என்றார்.

“சாரி சார்” என்றேன். அவர் கேமராவை என் கையில் கொடுத்தார். “எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நீங்களே செக் பண்ணிக்கோங்க.”

நல்ல கனம். மேல் தகட்டில் ரஷ்ய எழுத்துகள், லென்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. படம் எண்ணும் வட்டம் 22இல் நின்றது. அதைக் கையால் எங்கு வேண்டுமானாலும் திருப்பி வைக்கலாம் என்பதால் பொருட்படுத்தவில்லை. வலது பக்கக் குமிழை ஒருமுறை சுற்றி ஷட்டரை அழுத்தினேன். சுற்றும்போது இடது பக்கக் குமிழும் சேர்ந்து சுற்றியிருக்கும். நான் அதைப் பார்க்கவில்லை, ஷட்டர் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஷட்டர் திரையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஜன்னல் பக்கம் போய், கேமராவின் அடியில் பின்மூடியைப் பூட்டும் இரண்டு சாவிகளையும் திருப்பிப் பின்பக்கத்தைக் கழற்றினேன்.

உள்ளே பிலிம் இருந்தது. நாலு மணி வெயில் நேராக அதன்மேல் விழுந்தது.

உடனே மூடினேன் என்று எழுத ஆசைதான். மூன்று நான்கு விநாடி அப்படியே நின்றுவிட்டேன்.

“என்ன சார்?” என்றார் சங்கரன் சார். சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. சமையலறை வாசலில் நின்றிருந்த சுமதி டீச்சருக்குப் புரிந்துவிட்டது.

“அன்னிக்குக் காலையில எடுத்தோம். ஹாஸ்டலுக்குக் கிளம்பறப்ப டைமர் வெச்சு மூணு பேரையும் எடுத்தான்” என்றார் அவர். “அது இதுலயா இருந்துது?”

அவர்கள் வீட்டில் இருந்த மற்ற படங்களையெல்லாம் எடுத்தவனே கார்த்திதான். அவன் இருக்கும் படங்கள் குறைவு. இதையும் டீச்சரே சொன்னார், குரலை உயர்த்தாமல். அவர் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

கேமராவை அப்படியே எடுத்துக்கொண்டு மேற்குத் தாம்பரத்தில் தெரிந்த ஸ்டுடியோவுக்குப் போனேன். கலர் பிலிம்தான். ஸ்டுடியோக்காரர் கறுப்புப் பைக்குள் கைவிட்டுப் பிலிமைச் சுற்றி எடுத்துக் கழுவிப் பார்த்தார். “மேல சுத்தினது பூரா போச்சு சார். அடியில நாலு கீது.” பிலிம் சுருளில் முதலில் எடுத்தது உள்ளே போகும், கடைசியாக எடுத்தது வெளியே நிற்கும். வெளிச்சம் வெளியிலிருந்துதான் தின்னும். எனக்கு அது தெரியும். இருந்தும் கடைசிப் படம் இருக்கிறதா என்று அவரிடம் இரண்டு முறை கேட்டேன்.

பிழைத்த நான்கும் ஓரம் வெளுத்துப் போனவை. பொத்தேரி பிளாட்பாரம், ஹாஸ்டல் கம்பியில் காயும் சட்டைகள், டீக்கடை பெஞ்சில் தூங்கும் நாய், யாரோ ஒருவனின் முதுகு. அந்த முதுகு கார்த்தியாக இருக்குமோ என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் அந்த முதுகை நெடுநேரம் பார்த்தார். “இவன் இல்ல” என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க தொறக்காம இருந்திருந்தா வந்திருக்குமா?”

நாலு வருடப் பிலிம், எப்படியும் கெட்டுப்போயிருக்கும் என்று சொல்ல ரயிலிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். நம்பியிருப்பார். ஆனால் உள்ளே இருந்த நாலும் வந்திருந்ததே, அவர் கையிலேயே இருந்தது.

“வந்திருக்கும்” என்றேன்.

தலையாட்டினார். படங்களை ஒரு நோட்டுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கேமராவைத் திருப்பி நீட்டினேன். சங்கரன் சார் கை நீட்டவே இல்லை. “வேணாம் சார். எடுத்துட்டுப் போயிடுங்க. அவ கண்ணுல படக்கூடாது.” பணத்தையும் வாங்க மறுத்தார். ஒரு அட்டைப்பெட்டியின் மேல் வைத்துவிட்டு வந்தேன். ஏரி ஸ்டாப்பிங்கில் இரண்டு ஷேர் ஆட்டோக்கள் நின்று கூப்பிட்டன. ஏறத் தோன்றவில்லை. தாம்பரம் வரை நடந்தேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஷட்டர் வேகத்தை மாற்றுவதென்றால் சுற்றிய பிறகே மாற்றுங்கள், இல்லாவிட்டால் உள்ளே உடையும். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் எந்த இணையதளத்திலும் கிடைக்கும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பின்பக்கத்தில் கை வைக்கும் முன், திருப்பிச் சுற்றும் இடது குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். இறுகினால் உள்ளே பிலிம் இருக்கிறது, திறக்காதீர்கள். பத்து விநாடி வேலை. பதினைந்து வருடமாகப் பிலிமில் படம் எடுக்கிற எனக்கு இது தெரியாமல் இல்லை. அன்று கேமரா கையில் வந்த சந்தோஷத்தில் செய்யவில்லை, அவ்வளவுதான். விற்கிறவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அந்தக் கூடத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இந்தக் கேமராவில் எடுத்த படங்களைப் போடச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். இன்னும் பிலிம் போடவில்லை. விற்பதாகவும் இல்லை, தயவுசெய்து விலை கேட்டு எழுத வேண்டாம்.