நாற்பத்தைந்து நாள் லீவில் ஆறாத வலி

நிக்காஹ் முடிந்த மூன்றாம் நாளே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. கணவர் நெருங்கினாலே கீழுடம்பு இறுகிக்கொள்ளும். மீறினால் மிளகாய் பட்டதுபோல் எரியும். "புதுசுல எல்லாருக்கும் அப்படித்தான்டி" என்றாள் அக்கா. என் கெட்ட நேரம், அவளை நம்பினேன். அவர் துபாய்க்குத் திரும்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

ஓராண்டு கழித்துத்தான் லப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூருக்குப் பஸ் ஏறி, ஒரு பெண் டாக்டரிடம் வாய் திறந்தேன். புண் இல்லை, கட்டி இல்லை. யோனித்தசை இறுக்கம் (வலிக்குப் பயந்து தசை தானாகவே இறுகிக்கொள்வது) என்றார். அறுவை சிகிச்சை தேவையில்லை. மூச்சுப் பயிற்சி, இடுப்புத்தசையைத் தளர்த்தும் பயிற்சி, வழுவழுப்புக்கு ஜெல்லி, பிறகு விரிப்பான்கள் (சுண்டுவிரல் பருமனில் தொடங்கி, உள்ளே வைத்துப் பழக வேண்டிய குழல்கள்). வலித்தால் நிறுத்திவிட வேண்டும், பொறுத்துக்கொள்ளவே கூடாது. அதுவரை என்னிடம் அப்படிச் சொன்னவர் யாருமில்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

"உங்க வூட்டுக்காரருக்கு எல்லாத்தையும் எழுதிருங்க. லீவுல வந்ததும் கூட்டிட்டு வாங்க. நான் சொல்ற வரைக்கும் சேர வேணாம்."

எப்படி எழுதுவது? நான் எழுதும் கடிதத்தை மாமியார் கடைசி வரி வரை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். கேசட்டில் பேசி அனுப்பினால் துபாயில் ஒரே அறையில் தங்கியிருக்கும் எட்டுப் பேரும் உட்கார்ந்து கேட்பார்கள். அழகான ஏற்பாடு. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அவர் வருவதற்குள் ஓராண்டில் மூன்று குழல்கள் பழகிவிட்டன, நான்காவதுதான் பாக்கி.

அவர் நாற்பத்தைந்து நாள் லீவில் வந்தார். சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரு வருசமா வைத்தியமா? அப்ப சரியாயிருச்சுல்ல புள்ள?"

"இன்னும் முடியல மச்சான். டாக்டரம்மா உங்களையும் வரச் சொன்னாங்க."

"நான் எதுக்கு? எனக்கென்ன சீக்கா?"

அவர் கெட்டவரில்லை. தினம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் விருந்து, அதற்கு நடுவே நாள்களை எண்ணினார். நானும் எண்ணினேன். பிள்ளை உண்டாகாமல் அனுப்பினால் மாமியார் வேறு பெண் பார்ப்பார் என்று தெரியும். பத்தாம் நாள் நானே வலியை மறைத்துச் சம்மதித்தேன். உடம்பு பழையபடி இறுகிக்கொண்டது, ஓராண்டு பழகியதெல்லாம் அன்றே போயிற்று. மிச்ச நாட்கள் அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த லீவுக்கு அவர் வரவில்லை. தலாக் வந்தது. பிறகு அவருக்கு வேறு நிக்காஹ் ஆனது, பிள்ளையும் பிறந்தது என்றார்கள்.

நான் மட்டும் முதல் குழலிலிருந்து மறுபடி தொடங்கினேன். எண்ண நாள் இல்லாததால் உடம்பும் அவசரப்படவில்லை. இதைப் படிக்கும் பெண்ணே, இந்த வைத்தியம் பொய்யில்லை. உன் கணவரிடம் முதலிலேயே சொல்லிவிடு.

கடைசியாகப் போனபோது டாக்டர் சோதித்துப் பார்த்தார்.

"வலிக்குதாம்மா?"

"இல்லீங்க."

"குணமாயிட்டீங்க. இனிமே வர வேணாம்."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், இதை மச்சானிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.