சிவப்புத் தரைக்குக் கீழே

"களக், களக்" என்று குளியலறைத் தண்ணீர் போகும் ஜலதாரை முதலில் இரண்டு தடவை விக்கும். பிறகு சோப்பு நுரையும் கறுப்புத் தண்ணீருமாக, அழுகிய முட்டை வாடையோடு, எங்கள் பின்கட்டுத் தரையில் ஏறி வரும். சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ராயபுரத்து வீட்டில் காலையில் என்னை எழுப்பியது துறைமுகத்துச் சங்கு இல்லை, இந்த விக்கல்தான். இத்தனை வயதிலும் எங்காவது தண்ணீர் அப்படி விக்கினால் எனக்கு அருவருப்பு வருவதில்லை, கோபம்தான் வருகிறது.

முன்கட்டில் வீட்டுக்காரம்மா, பின்கட்டில் குடித்தனக்காரர்களாக நாங்கள் மூன்று குடும்பம். அத்தனை பேருடைய அழுக்குத் தண்ணீருக்கும் வழி ஒன்றுதான். பின்கட்டில் தொடங்கி, வீட்டுக்காரம்மாவின் சமையற்கட்டைத் தொட்டு, அவள் கூடத்துக்கு அடியில் ஓடித் தெருச் சாக்கடையில் சேரும் ஒரு பழைய கல்குழாய். (அவள் என்றே எழுதுகிறேன், மரியாதை வரவில்லை.) அவர்கள் சைவம். என் அம்மாவோ காசிமேட்டுக் கடல்காரர் வீட்டுப் பெண். அப்பாவுக்கு ஹார்பரில் நிரந்தர வேலை என்ற ஒரே காரணத்துக்காக எங்களைக் குடிவைத்திருந்தாள். குழாய் எப்போது அடைத்தாலும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மீன் செதில்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாள். அம்மா ஒரு செதிலைக்கூடத் தண்ணீரில் விட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். பழைய தினத்தாளில் வழித்துச் சுருட்டி என்னிடம் கொடுப்பாள். முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைக்கிற வேலை என்னுடையது.

அடைப்பு எடுக்கப் புளியந்தோப்பிலிருந்து முனுசாமி வருவார். மூங்கில் பிளாச்சுகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய நீளக் கழியைப் பின்கட்டு ஜலதாரைக்குள் விட்டுக் குத்துவார். தண்ணீர் கொஞ்சம் வடியும், இரண்டு வாரத்தில் மறுபடியும் விக்கும். ஒவ்வொரு முறையும் கழி ஒரே இடத்தில் போய் முட்டி நின்றது.

"அடைப்பு இங்க இல்லம்மா, உங்க கூடத்துக்குக் கீய கீது" என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். "எங்க நைனா காலத்துல அங்க ஒரு தொட்டி இருந்துச்சு. மூடியத் தூக்கினா கையால அள்ளிடலாம். அதுமேல சிமிட்டி பூசிட்டீங்கோ."

பூசியது உண்மைதான். மூத்த பெண்ணின் கல்யாணத்துக்குக் கூடத்தில் சிவப்புச் சிமெண்டுத் தரை போட்டு, தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பளபளப்பாக்கியபோது, பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று தொட்டி மூடியையும் சேர்த்து மறைத்திருந்தாள். "என் தரைய ஒடைக்கச் சொல்றியா? செதில் போடறவளப் போய்க் கேளுடா" என்று அவரை விரட்டுவாள்.

அந்த ஆனி மாதம், இனிமேல் தெருக்குழாயில்தான் மீன் கழுவ வேண்டும் என்று உத்தரவு போட்டாள். தம்பி அம்மா வயிற்றில் ஏழு மாதம். ஷிப்டு முடிந்து ஆட்கள் சாரிசாரியாகப் போகிற தெருவில், அரிவாள்மணையைப் போட்டுக் காலை மடக்க முடியாமல் அம்மா உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரம்மா வந்தாள், சட்டியைக் காலால் தள்ளினாள், மீன் சாக்கடையோரம் சிதறியது. "ஆடி பொறக்கறதுக்குள்ள காலி பண்ணிடு" என்றாள். ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், குடிவைக்கவும் மாட்டார்கள். மிச்சமிருந்தது பத்தே நாள். வயிற்றுப் பிள்ளையோடு எங்கே போவது? அப்பா, "பெரிய இடத்துப் பொல்லாப்பு நமக்கு எதுக்கு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா மட்டும் மீனைப் பொறுக்கிக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "தண்ணிக்கு யாரு வூடுன்னு தெரியாது. வயி எங்க கீதோ அங்க போவும்."

அதன் அர்த்தம் இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. அன்று வீட்டுக்காரம்மாவின் இளைய பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். அந்த வீட்டின் ஜலதாரைகளில் எங்கள் குளியலறையுடையதுதான் மிகவும் தாழ்வானது. அதனால்தான் எதிர்த்து வரும் அழுக்கு முதலில் எங்களிடம் வந்தது. அடுத்த பள்ளம் வீட்டுக்காரம்மாவின் சமையற்கட்டு. அம்மா பழைய கோணிச் சாக்கைச் சுருட்டி எங்கள் ஜலதாரையில் திணித்தாள். இருவருமாக அம்மிக்கல்லை உருட்டி அதன்மேல் வைத்தோம். பிறகு துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மேடாக இருந்த இன்னொரு ஜலதாரையில் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினேன். ஒவ்வொரு குடத்தைக் கவிழ்க்கும்போதும் சிதறிக் கிடந்த மீனை நினைத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்ததே இல்லை.

முன்கட்டிலிருந்து கேசரி வாசனை வந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் அது நின்றது, அலறல் வந்தது. விருந்தாளிகள் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியதைச் சந்திலிருந்து கண்ணாரப் பார்த்தேன். வீட்டுக்காரம்மா ஆளனுப்பி முனுசாமியை வரவழைத்தாள். "ஒடைடா! தரைய ஒட!" என்று அவளே கத்தினாள். முனுசாமி கடப்பாரையால் சிவப்புத் தரையைப் பெயர்த்தார். தோள்வரை கையை விட்டு இழுத்தார். வந்தது ஒரு தலையணை அளவுக்குத் தேங்காய் நார். அவள் வீட்டில் பித்தளைப் பாத்திரம் தேய்த்துத் தேய்த்துத் தண்ணீரோடு விட்டது, புளிச்சக்கையோடு சேர்ந்து இறுகிக் கிடந்தது. அதைக் கூடத்தின் நடுவில் போட்டார்.

அம்மா அன்றுதான் முதன்முதலாக முன்கட்டுக்குள் கால் வைத்தாள். "செதில் எங்கம்மா? ஒண்ணே ஒண்ணு காட்டு, இப்பவே காலி பண்ணிக்கினு போறேன்" என்றாள். வீட்டுக்காரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். காலி பண்ணு என்ற பேச்சு அதற்கப்புறம் எழவில்லை; தம்பி அந்தப் பின்கட்டில்தான் பிறந்தான். அதே சம்பந்தம் ஆவணியில் கூடிவந்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

முனுசாமி கை கழுவப் பின்கட்டுக்கு வந்தார். அம்மா வெந்நீர் வைத்து, நாங்கள் குளிக்கிற சோப்பையே எடுத்துக் கொடுத்தாள். அம்மிக்கல்லையும் அதனடியில் தெரிந்த சாக்கையும் அவர் பார்த்துவிட்டார்.

"தெரிஞ்சுதான் பண்ணியாம்மே?"

அம்மா தலையாட்டினாள். அவர் பெரிதாகச் சிரித்தார். "கரீட்டா பண்ணே" என்றார். பெயர்ந்த சிமெண்டு கிழித்து அவர் முழங்கையில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அதன்மேல் வெந்நீரை ஊற்றிக்கொண்டு, சிரிப்பு அடங்காமலே, "ஆனா அள்ளுனது நான்தான?" என்றார். அம்மா குனிந்து இன்னும் கொஞ்சம் வெந்நீர் மொண்டு கொடுத்தாள். நான் அம்மிக்கல்லை நகர்த்தப் போனேன். மூங்கில் கழியைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

அந்த வீடு இப்போது இல்லை; அடுக்குமாடி எழுந்துவிட்டது. கல்குழாய் போய் பிளாஸ்டிக் குழாய் வந்துவிட்டது, மூங்கில் கழி போய் உறிஞ்சுகிற லாரி வந்துவிட்டது. வீட்டுக்காரம்மா செத்ததாகச் சேதி வந்த அன்று நான் போகவில்லை. நெத்திலி வாங்கி வறுத்துச் சாப்பிட்டேன். அவளுக்குச் செய்ததை இன்னொரு தடவை செய்யச் சொன்னாலும் செய்வேன். ஆனால் நான் இப்போது குடியிருக்கும் இந்தத் தெருவிலும் எப்போதாவது லாரியால் ஆகாமல் சாக்கடைக் குழியிலிருந்து ஒரு மனிதத் தலை எழுந்து வருகிறது. அன்றைக்கெல்லாம் நான் மாடியில் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன். சாத்திய பிறகும், "அள்ளுனது நான்தான?" என்ற முனுசாமியின் குரல் கேட்கிறது.