அப்பாவுக்கு வந்த நோட்டீஸ்

என் அப்பாவை வீட்டை விட்டுப் போகச் சொன்னது நீங்கள்தான். ஈப்போவில் முதியோர் பராமரிப்பு இல்லம் நடத்தும் உங்களைத்தான் சொல்கிறேன்.

எனக்குப் பித்தப்பையில் கல். ஆப்பரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். நான் படுத்திருக்கும்போது அவரை யார் பார்த்துக்கொள்வது? கொஞ்ச நாளைக்கு மட்டும் உங்களிடம் விட முடியுமா என்று பார்க்க, ஒரு மத்தியானம் வீட்டு டேப்லெட்டில் உங்கள் இணையப் பக்கத்தைத் திறந்தேன். எழுத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வந்து நின்றது. குக்கிகளை ஏற்கிறீர்களா என்று கேட்டது. ஏற்கும் பொத்தான் பெரிதாக, பச்சையாக இருந்தது. மறுக்கும் பொத்தானைத் தேட வேண்டும். பச்சையை அமுக்கினேன், படித்தேன், மூடினேன். ஆப்பரேஷன் தேதி கிடைத்ததும் அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்றிருந்தேன்.

அதே டேப்லெட்டில்தான் அப்பா தினமும் தமிழ்ச் செய்தி படிப்பார்.

சில நாட்களில் அவர் மாறிப்போனார். தன் தட்டைத் தானே கழுவினார். மீன் வாங்கி வா, ரொட்டி வாங்கி வா என்று கேட்பதையெல்லாம் நிறுத்திவிட்டார். ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், கைலியும் சட்டையும் மடித்து வைத்த பையோடு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

“எங்கப்பா கெளம்பிட்டீங்க?”

“நீதான் சொல்லணும். நோட்டீஸ் வந்திருச்சே.”

டேப்லெட்டை நீட்டினார். செய்திக்கு நடுவில் உங்கள் விளம்பரம். சக்கர நாற்காலியில் ஒரு கிழவர் சிரிக்கிறார்.

அப்பா ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தோட்டத்தை விற்றபோது யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக் கதவில், காலி செய்யச் சொல்லி ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை இப்படித்தான் சொல்வார்கள் என்பது அவர் பட்டு அறிந்தது.

“ஐயோ, அது வெளம்பரம்ப்பா. எல்லாருக்கும் வரும்.”

“யாருகிட்ட கத விடுற? பக்கத்து வீட்டு தம்பி போன்ல இதே செய்தியத் தொறக்கச் சொல்லிப் பாத்தேன். அவனுக்கு கார் டயர் வருது லா. எனக்கு மட்டும் ஏன் கெழவன் வரான்?”

சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. அது எங்கள் வீட்டுக்கென்றே வந்ததுதான். உங்கள் இணையப் பக்கத்துக்குள் நீங்கள் விட்டிருக்கும் விளம்பர நிறுவனம் எங்கள் பிரவுசரில் ஒரு குக்கியைப் போட்டது. அதில் இருப்பது ஓர் அடையாள எண். செய்திப் பக்கத்துக்கும் அதே நிறுவனம்தான் விளம்பரம் கொடுக்கிறது. அங்கே போனதும் பிரவுசர் அந்த எண்ணைத் தானாகக் காட்டிவிடுகிறது. முதியோர் இல்லம் தேடிய ஆள் வந்தாச்சு என்று அது உங்கள் படத்தை வைக்கிறது. டேப்லெட்டைப் பிடித்திருப்பது மகளா அப்பாவா என்று அதற்குத் தெரியாது.

அமுக்கியது நான்தான். என் அப்பாவிடம் போய்ச் சொல்லுங்கள் என்று எங்கே அமுக்கினேன்?

குக்கிகளை அழித்தேன். விளம்பரம் நின்றது. ஆப்பரேஷன் விஷயத்தை அன்றைக்கே, நின்ற நிலையில், சொல்ல வேண்டியதாயிற்று.

“அத வாயால சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை. பையை அவர் பிரிக்கவில்லை. டேப்லெட்டைக் காட்டிக் கேட்டார்: “சரி, நீ என்னைய அனுப்பல. நம்ம வீட்டு விசயத்த அவனுக்கு யாரு சொன்னா?”

விளம்பர நிறுவனத்தைக் கை காட்டாதீர்கள். அதை உள்ளே விட்டது நீங்கள். எனக்குத் தனியாக மின்னஞ்சலும் அனுப்ப வேண்டாம். உங்கள் இணையப் பக்கத்தின் முகப்பில், எல்லாரும் பார்க்க, தமிழில், பெரிய எழுத்தில் போடுங்கள்: உங்களைத் தேடி வருகிறவர்களின் வீட்டு விஷயத்தை யார் யாருக்குக் கொடுக்கிறீர்கள்? என் அப்பா படிக்க வேண்டும்.